ஆறு நாள் லீவும் ஒரு கூட்ஸ் வண்டியும்: 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்'

போர்ப் படம் என்று நம்பி உட்காருகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் சண்டை ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் ஒரு பையன் லீவில் ஊருக்குப் போகிறான், அவ்வளவுதான் கதை. 1959-ல் வந்த சோவியத் படம், கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. மோஸ்ஃபிலிம் ஸ்டூடியோ தன் யூடியூப் பக்கத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறது, ஆங்கில சப்டைட்டிலோடு.

நான் கூட்ஸ் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவன். 2022-ல் கார்டு என்கிற பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். அதற்குள் நான் அயனாவரத்தில் வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அம்மாவைப் பற்றி எழுதுகிறார்கள், காதலைப் பற்றி எழுதுகிறார்கள், ரயிலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. படத்தில் பெரும்பகுதி ரயிலிலும் ஸ்டேஷனிலும்தான் நடக்கிறது. அதிலும் முக்கியமான பகுதி, வைக்கோல் ஏற்றிய ஒரு ராணுவ கூட்ஸ் வண்டியில்.

கதையைச் சொன்னால் படம் கெட்டுவிடாது, ஏனென்றால் இயக்குநரே முதல் காட்சியில் முடிவைச் சொல்லிவிடுகிறார். கறுப்பு உடை போட்ட ஒரு அம்மா ஊருக்கு வெளியே போகும் மண்சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னணியில் ஒரு குரல்: இவருடைய மகன் போரிலிருந்து திரும்பவில்லை, எங்கோ தூரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறான். சரி, பையன் செத்துப்போவான் என்று தெரிந்துவிட்டது. இனி அவன் பிழைப்பானா என்று நாம் பதறப்போவதில்லை. அவன் வீடு போய்ச் சேருவானா என்று மட்டும்தான் பதறுவோம். ஊருக்கு டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் தெரிந்த பதற்றம் அது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி எழும்பூரில் அன்ரிசர்வ்டு பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பையன் பெயர் அல்யோஷா. வயது பத்தொன்பது. சிக்னல் பிரிவில் போன் பேசுகிறவன். ஜெர்மன் டாங்கிகள் அவன் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுகின்றன, ஓடுகிறான். ஒரு டாங்கி அவனைத் துரத்துகிறது. மேலேயிருந்து பார்க்கும் கேமரா அப்படியே சுழன்று தலைகீழாகிவிடும், நிலம் மேலே, வானம் கீழே. பயத்தைக் காட்ட அந்த ஒரு ஷாட் போதும். ஒரு குழியில் கிடக்கும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி அவன் கைக்கு அகப்படுகிறது, இரண்டு டாங்கிகளை அடித்துவிடுகிறான். வீரத்தினால் இல்லை, ஓட இடமில்லாததால். ஜெனரல் கூப்பிட்டுப் பாராட்டிப் பதக்கம் தருகிறேன் என்கிறார். இவன் தயங்கித் தயங்கி, பதக்கத்துக்குப் பதிலாக ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வர முடியுமா என்று கேட்கிறான். வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், அம்மா கடிதம் போட்டிருக்கிறார். ஜெனரல் கணக்குப் போடுகிறார்: போக இரண்டு நாள், கூரை சரிசெய்ய இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். மொத்தம் ஆறு.

வேலூர் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் அதிகம். காட்பாடி பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டியோடு நிற்கும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லீவு எத்தனை நாள் என்று கேட்டால், வழியில் போகும் நாளைக் கழித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். ஜெனரல் போட்ட கணக்கைக் கேட்டதும், இந்தப் படத்தை எழுதியவருக்குப் பட்டாளம் தெரியும் என்று புரிந்துவிட்டது. விசாரித்தால் உண்மைதான். இயக்குநர் கிரிகோரி சுக்ராய் பாராசூட்டில் குதிக்கும் வான்வழிப் படையில் இருந்தவர், ஸ்டாலின்கிராடில் சண்டை போட்டவர், காயம் பட்டவர். வலந்தின் யெழோவோடு சேர்ந்து அவரே எழுதியிருக்கிறார். சோவியத் தரப்பில் இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் என்கிறார்கள். அவ்வளவு பேரில் ஒருவனை எடுத்து, அவன் செத்ததைக் காட்டாமல் அவன் லீவை மட்டும் காட்டலாம் என்று முடிவெடுக்க, அந்தப் போருக்குள் இருந்துவிட்டு வந்த ஆளாக இருந்தால்தான் தைரியம் வரும்.

இனி அந்த ஆறு நாள் எப்படிக் கரைகிறது என்பதுதான் படம். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், யாரும் அவன் நாளைத் திருடவில்லை. அவனே எடுத்து எடுத்துக் கொடுக்கிறான். போர்முனைக்கு நடந்து போகிற பாவ்லோவ் என்ற சிப்பாய், வழியில் என் மனைவி இருக்கும் ஊர் வரும், அவளிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல் என்கிறான். கூடவே கொடுத்தனுப்ப சோப்பு. அந்தக் குழு முழுவதற்கும் இருப்பதே அந்தச் சோப்புதான். அதை வாங்கி இவன் கையில் திணிக்கிறார்கள். அடுத்து ஸ்டேஷனில் ஒரு கால் போன வாஸ்யா. அவன் பெட்டியைத் தூக்கிக்கொடுக்கப் போய், வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்கிற அவன் குழப்பத்துக்குள்ளும் இவன் மாட்டிக்கொள்கிறான். கால் இல்லாத நான் அவளுக்கு எதற்கு என்று வாஸ்யா வேறு எங்காவது போய்விட நினைக்கிறான். தந்தி ஆபீஸில் இருக்கும் பெண் அவனைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, ஒரு அக்கா திட்டுவதுபோல இருக்கும். கடைசியில் ஊர் போய் இறங்கினால் மனைவியைக் காணோம். அல்யோஷா தன் வண்டியை விட்டுவிட்டு அவனோடு நிற்கிறான். அப்புறம் அவள் வருகிறாள்.

வாஸ்யாவாக நடித்த யெவ்கெனி உர்பான்ஸ்கிக்கு இருப்பது ஏழெட்டு நிமிடம்தான். ஆனால் படம் முடிந்தபிறகு அந்த முகம் போகவில்லை. 1965-ல் வேறொரு படப்பிடிப்பில் கார் சாகசக் காட்சி எடுக்கும்போது விபத்தில் இறந்துவிட்டார் என்று பிறகு படித்தேன்.

இப்போது கூட்ஸ் வண்டி. பாசஞ்சர் வண்டியை விட்டுவிட்ட அல்யோஷா, ராணுவச் சரக்கு வண்டியில் தொற்றிக்கொள்ளப் பார்க்கிறான். காவலுக்கு நிற்கிறான் காவ்ரில்கின், தொந்தியும் தொப்பியுமாக ஒரு சிப்பாய். ஏறக்கூடாது என்கிறான். ஏன் என்றால், லெப்டினன்ட் ஒரு மிருகம், தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்கிறான். டின் இறைச்சியைக் கண்டதும் மிருகத்தைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைகிறது. பின்னால் வண்டிக்குள் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ரேட் ஏறுகிறது. இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்! சரக்கு வண்டி ஓடுகிற எந்த நாட்டிலும் கேட்டில், யார்டில், குடோனில் ஒரு காவ்ரில்கின் இருப்பான். கெட்டவன் இல்லை, தன் கையில் இருக்கும் இத்துனூண்டு அதிகாரத்தை டின் கணக்கில் எடைபோடத் தெரிந்தவன். எனக்கே பிரேக் வேனில், அதாவது வண்டிக் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியில், ஏற்றிக்கொள்ளச் சொல்லி வாழைச் சீப்பு நீட்டியவர்கள் உண்டு. கடைசியில் அந்த 'மிருக' லெப்டினன்ட் வந்து நிற்கிறார். சின்னப் பையன், கண்ணியமானவன். இருவரையும் இருக்கச் சொல்லிவிட்டு, வாங்கிய டின்னைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான். காவ்ரில்கின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த வண்டியில் ஏறிய பெண் ஷூரா. இருட்டில், வைக்கோலுக்குள் ஒரு ஆண் இருப்பது தெரிந்ததும் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் போகிறாள். கதவு திறந்த சரக்கு வேகனில் நின்று கீழே பார்த்தால் ஜல்லி எப்படிப் பின்னால் பாயும் என்று எனக்குத் தெரியும். அந்த ஷாட்டில் என் கால் தானாகப் பின்னுக்குப் போனது. மெல்ல மெல்ல அவள் பயம் போகிறது, ரொட்டியைப் பகிர்ந்துகொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கும் விமானியைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். இருவரையும் தொடவே விடாமல் இவ்வளவு காதலைக் காட்ட முடியுமா என்றிருந்தது. முதலில் ஹீரோவாகப் பெயர்பெற்ற ஒரு நடிகரை வைத்து ஷூட்டிங் தொடங்கிவிட்டு, சுக்ராய் ஆளை மாற்றி, விளாதிமிர் இவாஷோவ், ழன்னா புரோகொரென்கோ என்ற இரண்டு மாணவர்களைப் போட்டாராம். சரியான முடிவு. வேகனின் பலகை இடுக்கு வழியாக அந்தப் பெண் முகத்தில் வெளிச்சம் விழுந்து விழுந்து போவதைக் கலரில் எடுத்திருந்தால் அழகாக மட்டும்தான் இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் அந்தத் தண்ணீர்க் காட்சி. வண்டி எங்கோ நிற்கிறது, ஷூராவுக்குத் தாகம், அல்யோஷா தண்ணீர் பிடிக்க இறங்குகிறான். ஒலிபெருக்கியில் போர்ச் செய்தி ஓடுகிறது, எல்லாரோடும் நின்று கேட்கிறான். வண்டி போய்விடுகிறது. படம் பார்க்கிறவர்கள் ஐயோ என்பார்கள். நான் அவன் இறங்கியபோதே ஐயோ என்றுவிட்டேன். பாசஞ்சர் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்று போர்டில் போட்டிருக்கும். கூட்ஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மற்ற வண்டிக்கு வழிவிட லூப் லைன் என்கிற பக்கப் பாதையில் போட்டுவிட்டால் அரை நாளும் நிற்கும், சிக்னல் விழுந்தால் அடுத்த நொடியும் கிளம்பும். அதில் இருக்கிற எங்களுக்கே தெரியாது. சுக்ராய் இதை விளக்க ஒரு வசனம்கூட வைக்கவில்லை, நடப்பதை மட்டும் காட்டுகிறார். ஒரு வயதான அம்மா ஓட்டும் லொடலொட லாரியில் மழையில் துரத்திக்கொண்டு போகிறான். லாரியைப் பார்த்தால் தள்ளிக்கொண்டு போனால் சீக்கிரம் போகலாம்போல இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மனைவிக்கும் எனக்கும் தகராறு வந்தது சோப்புக் காட்சியில். பாவ்லோவின் வீட்டைத் தேடிப் போனால், குண்டு விழுந்து கட்டடமே இல்லை. மனைவி வேறொரு வீட்டில் இருக்கிறாள், அங்கே இன்னொருவனோடு. அல்யோஷா, கொடுத்த சோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், முகாமில் படுத்திருக்கும் பாவ்லோவின் அப்பாவிடம் கொடுத்து, மகனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறான். நான் சபாஷ் என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, வீடு போச்சு. புருஷன் இருக்கானா இல்லையான்னு தெரியாது. அவ என்ன பண்ணணும்ங்கறீங்க? இவங்க பாட்டுக்கு வந்தாங்க, ஒரு வார்த்தை கேட்டாங்களா? சோப்ப மட்டும் புடுங்கிட்டுப் போறாங்க."

அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாஸ்யாவின் மனைவிக்கும் அந்த லாரி ஓட்டும் அம்மாவுக்கும், ஏன், லஞ்சம் வாங்கும் காவ்ரில்கினுக்கும்கூட ஒரு ஓரத்தில் இடம் கொடுத்த படம், இந்தப் பெண்ணுக்கு மட்டும் பேசவே நேரம் தரவில்லை. போருக்குப் போனவன் பக்கம் நின்று வீட்டில் இருந்தவளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. சுக்ராய் தானே ஒரு சிப்பாய் என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும் படத்துக்குக் கெடுதலாகிவிட்டது என்று நினைக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையனின் கோபம் அது, படத்தின் கோபம் இல்லை என்று வாதாடலாம். நானும் வாதாடிப் பார்த்தேன். காபி வரவில்லை.

இன்னும் சில குறைகள் உண்டு. ஷூராவைப் பிரிந்தபிறகு ஓடும் மரங்களின்மேல் அவள் முகம் மிதந்து மிதந்து வரும். ஒருமுறை வந்தால் சரி, அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது. மிகாயில் ஸீவின் இசை நல்ல இசைதான், ஆனால் நாம் அழவேண்டிய இடத்தை நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்து அழ ஆரம்பித்துவிடுகிறது. கடைசியில் மறுபடி அந்தக் குரல் வந்து, இவன் உயிரோடு இருந்திருந்தால் என்னென்னவெல்லாம் ஆகியிருப்பான் என்று சொல்வதும் எனக்குத் தேவையாகப் படவில்லை. அம்மா வயல் வழியாக ஓடி வருவதைப் பார்த்த பிறகு ஒருவர் பேசித்தான் ஆகவேண்டுமா?

அந்த ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட முடியாது. கடைசி ரயிலை ஜெர்மன் விமானங்கள் குண்டுபோட்டு எரித்துவிடுகின்றன. அகதிகளாக வந்த ஜனங்களை நெருப்பிலிருந்து வெளியே இழுத்துப் போடுகிறான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியானதை என் அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூட்டையும் குழந்தையுமாக ஸ்டேஷனுக்கு ஓடியதை இந்தக் காட்சியில்தான் கண்ணால் பார்த்ததுபோல ஆனது. பாலம் போய்விட்டது, ஆற்றைக் கட்டுமரம் மாதிரி ஒன்றில் கடந்து, ஒரு லாரியைக் கெஞ்சி நிறுத்தி ஊருக்கு வருகிறான். கையில் மிச்சம் சில நிமிடங்கள். அம்மா வீட்டில் இல்லை, வயல் வேலைக்குப் போயிருக்கிறார். யாரோ போய்ச் சொல்ல, அவர் ஆளுயரக் கதிருக்குள் விழுந்தடித்து ஓடி வருகிறார். அந்தோனினா மக்சிமோவா என்ற நடிகை. ஓடும்போது நடிக்கவே இல்லை, மூச்சுதான் வாங்குகிறார். கட்டிப்பிடித்தபிறகு இருவருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அம்மா மகனிடம் அற்ப விஷயங்களைக் கேட்கிறார், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். கூரை அப்படியேதான் இருக்கிறது. ஆறு நாளில் அவன் இத்தனை பேர் வீட்டு ஓட்டையை அடைத்துவிட்டு வந்தான், தன் வீட்டுக்கு நேரம் இல்லை.

விருது விவரம் வேண்டும் என்பவர்களுக்கு: 1960-ல் கான் விழாவில் பரிசு, சான் ஃபிரான்சிஸ்கோ விழாவில் சிறந்த படம், பிறகு பிரிட்டனின் பாஃப்டா, சோவியத்தின் லெனின் பரிசு, திரைக்கதைக்கு ஆஸ்கர் நாமினேஷன். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் சேர்ந்து பரிசு கொடுத்தான் என்றால், படத்தில் கொள்கை முழக்கம் இல்லாததுதான் காரணமாக இருக்கவேண்டும். சோவியத் சமாசாரம் என்றாலே என் தலைமுறைக்கு 'சோவியத் நாடு' இதழ்தான். அதன் வழுவழுத் தாளில் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டோம். அந்தத் தாளில் எல்லாரும் டிராக்டர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் படத்தில் இருக்கிறவர்கள் அழுக்காக, பசியோடு, சிலசமயம் பொய் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். 1953-ல் ஸ்டாலின் இறந்தபிறகு கொஞ்சம் காற்றோட்டம் வந்ததால்தான் இப்படி எடுக்க முடிந்தது என்கிறார்கள்.

ரயில்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அவர்கள் பாதையும் அகலப்பாதைதான், ஆனால் அன்றைக்கு 1,524 மில்லிமீட்டர். நம்முடையது 1,676. வேகனுக்குள் இடம் பார்த்தால் எனக்கு நம்மூர் மூடிய வேகன் நினைவுதான் வந்தது. நீராவி எஞ்சின் பிரியர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க நிறைய இருக்கிறது.

பார்க்கிற விதம் பற்றி. ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்ய கலாசார மையத்தில் பழைய படங்கள் போடுவார்கள், அங்கே எப்போதாவது இது வந்தால் விடாதீர்கள். நகரத்தில் வேறொரு இடத்தில் ஒருமுறை பார்த்தபோது, சதுரமான படத்தை அகலத்திரைக்கு இழுத்து, எல்லாருக்கும் நெற்றி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. தலைகீழாகும் அந்த டாங்கி ஷாட்டில் டாங்கியே பாதிதான் இருந்தது. வீட்டு டிவியிலும் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று ஜூம் போட்டு நிரப்பிவிடாதீர்கள். சப்டைட்டில் எளிமையான ஆங்கிலம், பத்தாவது படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வரலாம். வசனமே குறைவு. ரத்தம் கிடையாது, சங்கடமான காட்சி கிடையாது, குழந்தைகளோடு பார்க்கலாம். இசை வருகிற இடங்களில் சத்தம் திடீரென்று ஏறும், ராத்திரி பார்ப்பதானால் ரிமோட் கையிலேயே இருக்கட்டும்.